சாய்தையலா, நேர்த்தையலா: துளையைப் பார்த்து முடிவெடுங்கள்

அப்பாவின் தோல் காசுப்பையை மூன்றாம் முறை தைக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் தெளிவானது. அப்பா டாக்சி ஓட்டுகிறார். பை கால்சட்டையின் பின்பாக்கெட்டில் இருக்கும், நாளெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார். 2019இல் நான் தைத்துக் கொடுத்தது நேர்த்தையல். 2021இல் மூலையில் தையல் தளர்ந்தது, அதே துளைகளில் மறுபடி தைத்தேன். 2023இல் மூலையே வாய் பிளந்துவிட்டது. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: “ஏம்மா, நூல் நல்லாத்தானே இருக்கு, தோல்தானே விட்டுப்போச்சு?”

அவர் சொன்னது சரி. அன்றே புதிதாகத் தோல் வெட்டி, சாய்தையலில் இன்னொரு பை தைத்தேன். இதை எழுதும்போது இரண்டு பைகளும் என் மேசைமேல் இருக்கின்றன.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே சேடில் ஸ்டிட்ச்தான். ஒரே நூல், இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகக் கடக்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்திருக்கும். சாய்தையல் நெல்மணிகளை அடுக்கியதுபோல் இருக்கும், நேர்த்தையல் அளவுகோல் வைத்து இழுத்த கோடு. எது அழகு என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

சாய்வு எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து கொஞ்சம், துளையிலிருந்து நிறைய. பஞ்ச் வைத்து வட்டமாகத் துளையிட்டால் நூலுக்கு ஒதுங்க இடம் கிடையாது, நடுவிலேயே கிடக்கும், தையல் நேராக விழும். பிரிக்கிங் அயர்ன் என்பது சுத்தியலால் தட்டித் தோலில் கீறல் பதிக்கும் பல்வரிசைக் கருவி, அதன் பற்கள் சாய்ந்தவை. அவை போடும் கீறலுக்கு மேல்முனை, கீழ்முனை என்று இரண்டு உண்டு. ஒரு கீறலின் மேல்முனையிலிருந்து அடுத்த கீறலின் கீழ்முனைக்கு நூல் போவதால் தையல் சாய்கிறது. என்னுடைய அயர்ன் 3.38 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது. வாங்கியபோது இதென்ன விநோதமான அளவு என்று நினைத்தேன். பழைய பிரெஞ்சு அங்குலம் 27.07 மில்லிமீட்டர், அதில் எட்டுத் தையல் வைத்தால் இந்தக் கணக்கு வரும்.

இனி துளை. நேர்த்தையல் பைக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளியில் 1 மில்லிமீட்டர் துளை போட்டிருந்தேன். அந்தக் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தோல் பஞ்ச் கருவிக்குள் போய்விட்டது, துளைக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சியது 2 மில்லிமீட்டர். கீறலில் தோல் எதுவும் வெளியேறுவதில்லை. நார்கள் விலகி வழிவிடுகின்றன, நூல் போனபின் மறுபடி நெருங்கி அதைக் கவ்விக்கொள்கின்றன.

நம் ஊரில் இது இன்னும் முக்கியம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். அதோடு வியர்வையும் சேர்ந்தால் தோல் இளகும், இளகிய தோல் இழுத்த பக்கம் நீளும். அப்பாவின் பழைய பையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் துளைகள் இன்னும் வட்டமாகவே இருக்கின்றன. மூலையை நெருங்க நெருங்க விளிம்பு நோக்கி நீண்டு, கடைசி இரண்டும் அரிசிமணி வடிவத்துக்கு வந்திருக்கின்றன. அந்த இரண்டு துளைகளில்தான் தையலை முடிக்கும்போது வந்த வழியே திரும்பிப் பின்தையல் போட்டேன். மற்றத் துளைகளில் நூல் இரண்டு முறை கடக்கும், இவற்றில் நான்கு முறை. அதிகம் இழுபடும் இடமும் அதுவே. மறுதையலின்போது அதே நூலைத்தான் கோத்தேன், 0.6 மில்லிமீட்டர் பாலியெஸ்டர். விரிந்த துளையில் நூல் நிற்காமல் ஆடியது. இறுக்கி இழுத்தேன். அந்த இழுப்பே நடுவில் இருந்த தோலை அறுக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

லினன் நூல் மட்டுமே இருந்த காலத்தில் நூல் முதலில் போயிருக்கலாம். இன்று பெரும்பாலோர் தைப்பது மெழுகிட்ட பாலியெஸ்டரில், அது ஈரத்தில் மட்காது. ஆகவே முதலில் விட்டுக்கொடுப்பது துளையைச் சுற்றியுள்ள தோல். பத்து வருஷம் உழைக்க வேண்டிய பொருளை இடையில் ஒருமுறையாவது பிரித்துத் தைக்கத்தான் வேண்டும், அப்போது பழைய துளை எந்த நிலையில் இருக்கும் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. சாய்தையல் பையை இந்த வருஷம் உள்துணி மாற்றுவதற்காக ஒரு பக்கம் பிரித்தேன். நூலை உருவியதும் கீறல்கள் ஏறக்குறைய மூடிக்கொண்டன. அதே 0.6 நூலில் திரும்பத் தைத்தேன், முதல் தடவை போலவே இறுகி உட்கார்ந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு வருஷம் உழைத்த பையையும் அதைவிடக் குறைவாக உழைத்த பையையும் அருகருகே வைப்பது முழு நியாயமாகாது. இரண்டுமே ஆம்பூரில் வாங்கிவந்த தோல்தான் என்றாலும் ஒரே தோலில் வெட்டியவை அல்ல. இன்னும் இரண்டு வருஷம் போனால் இதைவிட உறுதியாகச் சொல்வேன்.

சாய்தையலை மறுபடி தைப்பதிலும் ஆபத்து உண்டு. மூடிய கீறலைக் குத்தூசியால் திறக்க வேண்டும். அலகு பழைய சாய்விலேயே இறங்கவில்லையென்றால் கீறலுக்குக் குறுக்கே இன்னொரு கீறல் விழும், பெருக்கல் குறி மாதிரி. அத்தையின் கைப்பைப் பிடியில் எனக்கு அப்படி மூன்று துளைகள் போயின, அந்தப் பிடியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் குத்தூசிக் கைப்பிடியின் ஒரு பக்கத்தை உப்புத்தாள் வைத்துத் தட்டையாகத் தேய்த்துக்கொண்டேன். பெருவிரல் அந்தத் தட்டையில் படிந்தால் அலகு சரியான சாய்வில் இருக்கிறது என்று அர்த்தம். வட்டத் துளையில் இந்தத் தொல்லையே இல்லை. யார் வேண்டுமானாலும் ஊசியை விட்டுத் தைக்கலாம், இது நேர்த்தையலின் பெரிய பலம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தைப்பவர்களுக்குச் சத்தமும் ஒரு கணக்கு. பஞ்ச் கருவியை ஒவ்வொரு துளைக்கும் தோல் முழுக்க இறங்கும்படி அடிக்க வேண்டும், அது கீழ்வீட்டுக் கூரையில் கேட்கும். அயர்னை அடையாளம் பதிய லேசாகத் தட்டிவிட்டு, மிச்சத்தைக் குத்தூசியால் சத்தமில்லாமல் செய்யலாம். நான் வேலை முடிந்து வந்து இரவு பத்தரைக்கு மேல்தான் உட்கார்வேன், அந்த நேரத்தில் சுத்தியலைத் தொடவே கூடாது. குத்தூசி கைக்குப் பழக எனக்கு நாலைந்து மாதம் பிடித்தது. அதுவரை பின்பக்கத் துளைகள் கோட்டை விட்டு விலகிக்கொண்டே இருந்தன.

சாய்தையலுக்கு ஒழுங்கும் அதிகம் தேவை. எந்த ஊசி முதலில், இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு எந்தப் பக்கம் என்பது கடைசிவரை மாறக்கூடாது. நடுவில் போன் வந்து எழுந்துபோய்த் திரும்பி வந்து ஒரே ஒரு தையலில் வரிசை மாறினாலும் அந்த இடம் வரிசை தப்பிய பல்லாகத் தெரியும். பின்பக்கத்திலும் சாய்வு வேண்டுமென்றால் ஒவ்வொரு தையலுக்கும் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் போட வேண்டும். நான் வங்கி அட்டை முதலியவை வைக்கும் சிறு பைகளுக்கு மட்டும் அப்படிச் செய்கிறேன்.

அப்படியானால் நேர்த்தையல் யாருக்கு? முதன்முதலாகத் தோலைத் தொடுபவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி உறை மாதிரி அதிக இழுவை இல்லாத பொருள்களுக்கு. அதற்கும் துளை சின்னதாக, இடைவெளி தாராளமாக இருக்கட்டும். 4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் நடுவே 3 மில்லிமீட்டர் தோல் மிஞ்சும். கோட்டின் திசையிலேயே நேர்க்கீறல் போடும் சிசல்களும் விற்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன், கீறல்கள் வால்முனையும் தலைமுனையுமாக ஒரே வரியில் நிற்பதால் தபால்தலை கிழிவதுபோல் தோல் கிழியும். பெல்ட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன், இதுவரை இரண்டுதான் தைத்திருக்கிறேன். அந்தத் தடிமனில் வட்டத் துளையும் நன்றாகவே தாங்குகிறது.

சாய்தையலில் தொடங்க நினைப்பவர்கள் 3.85 மில்லிமீட்டர் அயர்னும் 0.8 நூலும் வாங்கினால் போதும். தவறு கண்ணுக்குத் தெரியும், திருத்துவது எளிது. முதல் பத்து நாள் பையெதுவும் தைக்காமல், வெட்டி மிஞ்சிய துண்டுகளில் குத்தூசியை மட்டும் பழகுங்கள். முன்னால் குத்திவிட்டு, துண்டைத் திருப்பி, பின்னால் கோடு எப்படி விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.