ஆம்ட்ராக்கும் ஐரோப்பிய ரயிலும்: சில வருட அனுபவம்

அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயிலான ஆம்ட்ராக் மெதுவாகப் போகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. சில வருடங்களாக இரண்டு பக்கமும் ரயிலில் போய்வருகிற எனக்கு அதைவிடப் பெரிய குறை, வண்டிகள் போதாதது. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கத்து எமரிவில் வரை போகும் கலிபோர்னியா செஃபிர் நாளுக்கு ஒன்றே ஒன்று. நியூ ஆர்லியன்ஸ் - லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் லிமிடெட் வாரத்தில் மூன்றே நாள்.

பாரிஸிலிருந்து மார்செய் சுமார் 750 கி.மீ. மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது. அந்த வேகம் நல்லதுதான், ஆனால் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அன்றைக்கே இன்னொன்று கிடைப்பது அதைவிட நல்லது. ஜெர்மனியில் பெரிய ஊர்களுக்கு நடுவே முன்பதிவே இல்லாமல் ஏறலாம்.

தாமதம் அங்கேயும் உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் தாமதமானால் பொதுவாக 25%, இரண்டு மணி நேரமானால் 50% கட்டணத்தைத் திருப்பிக் கேட்க ஐரோப்பிய ஒன்றிய விதியில் இடமுண்டு. அமெரிக்காவில், வடகிழக்கைத் தாண்டினால் தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை என்று 1973-லிருந்து சட்டம் இருக்கிறது. இருந்தும், ஒதுங்கு பாதையில் அடங்காத அளவுக்கு நீளமான சரக்கு வண்டி எதிரே வந்தால் பயணிகள் வண்டிதான் ஒதுங்கி நிற்கிறது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அப்புறம் ஏன் செஃபிரில் ஏறுகிறேன்? டென்வரைத் தாண்டியதும் வண்டி வளைந்து வளைந்து மலையேறும். ஒரு பெரிய வளைவில், காற்று ரயிலைத் தள்ளிவிடாதிருக்க மண் நிரப்பிய பழைய சரக்குப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பிறகு 1928-இல் திறந்த, பத்து கி.மீ. நீள மொஃபட் சுரங்கம். அதற்கப்புறம் மணிக்கணக்காகக் கொலராடோ ஆறு கூடவே வரும். கண்ணாடி மேலே வரை வளைந்த பார்வைப் பெட்டியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ரூமெட் என்ற இருவர் படுக்கும் சின்ன அறையை எடுத்தால் சாப்பாடும் கட்டணத்திலேயே அடக்கம். எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்துப் பணியாளரே படுக்கை போட்டுத் தருவார்.

ஐரோப்பாவின் நைட்ஜெட் என்ற இரவு ரயிலில் ஆறு பேர் படுக்கும் அறை நெருக்கடிதான். காலையில் இரண்டு ரொட்டி, ஜாம், காபி. ஆனால் இரவு வியன்னாவில் ஏறினால் காலையில் ஜூரிக். ஓட்டல் செலவு மிச்சம்.

வேலைக்கு நேரத்தோடு போகவேண்டும் என்றால் ஐரோப்பிய ரயிலை நம்பிக் கிளம்புவேன். செஃபிரில் போகிறவர்கள், எமரிவில்லில் இறங்கும் நாளில் விமானமோ கூட்டமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.