உப்புவெளி மணலில் ஒரு கொன்றைக் கன்றும் தும்புச்சோற்றுக் கட்டியும்

தும்புச்சோற்றுக் கட்டி, அதாவது தேங்காய்ப் பொச்சுமட்டைத் தூளை அழுத்திச் செய்த கட்டி, நல்லது. பொதியில் எழுதியிருக்கும் முறைதான் எங்கள் ஊர் மணலுக்குச் சரிவராது.

எங்கள் வளவு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. ஊற்றிய வாளியைக் கீழே வைக்கமுதல் தண்ணீர் இறங்கிவிடும். வாசலில் நட்ட திருக்கொன்றை, கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியதும் இலையோரம் கருகி, நுனிக் கொப்பும் காய்ந்து வெறும் தடியாய் நின்றது. "அன்ரி, இது தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ" என்று பூங்கன்றுக் கடைப் பொடியன் தந்ததுதான் இந்த 5 கிலோக் கட்டி.

அது ஊறினால் 60, 70 லீற்றராகப் பொங்கும். பெரிய பேசினும் காணாது. முதலிலேயே இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள்.

பொதியில் 'கழுவியது' என்று போட்டிருக்கிறார்கள். ஊறிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. பொச்சுமட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. களப்பு நீரில் ஊறப்போட்ட மட்டையென்றால் உப்பு இன்னும் கூடும். ஏற்கெனவே காற்றில் கருகும் கன்றுக்கு உப்பையும் கொடுப்பதா? சாயம் வெளிறும்வரை ஊறவைத்து வடித்தேன், அதுவும் குழாய்த் தண்ணீரில். எங்கள் கிணறே சவர்.

அடுத்தது, 'நடும் குழியில் பாதிக்கு நிரப்புக' என்ற வரி. பூச்சட்டிக்கு எப்படியோ, மரத்துக்கு வேண்டாம். குழிக்குள் மட்டும் மெத்தென்று ஈரமிருந்தால் வேர் வெளி மணலுக்குப் போகாமல் அங்கேயே சுற்றும். பிறகு அடிக்கிற காற்றுக்கு மரம் நிற்காது.

மேலே பரப்பினால்தான் இதன் அருமை தெரிகிறது. மூன்று விரல் தடிப்பில், கொப்பு விரிந்த அகலத்துக்குப் போட்டேன். அடிமரத்தோடு ஒட்டவிடவில்லை, ஒட்டினால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். காய்ந்த தும்புச்சோற்றைக் காற்று அள்ளிக்கொண்டு போகும் என்பதால் மேலே வேப்பஞ்சருகு. இப்போது ஒன்றுவிட்டொரு நாள் தண்ணீர் விட்டாலும் விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே குளிர்ச்சி.

சத்து என்று இதில் பெரிதாக ஒன்றுமில்லை. கொன்றை அவரைக் குடும்பமென்றாலும் வேர்முடிச்சில் நைதரசன் பிடிக்கும் மரமல்ல. ஆகவே அடியில் உக்கிய மாட்டெரு கட்டாயம். அதைப் போட்ட பிறகுதான் பக்கக் கணுவில் தளிர் தள்ளியது. தள்ளிய கையோடு எலுமிச்சை நிற வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு, பச்சைப் புழு பாதியைத் தின்றது வேறு கதை. மருந்தடிக்கவில்லை, மரம் திரும்பவும் துளிர்க்கிறது.

விலை? மாட்டெரு மூட்டையோடு பார்த்தால் கூடத்தான். ஒரு கன்றுக்கு அரைக்கட்டி தாராளம், மிச்சத்தை நனையாமல் வைத்தால் பழுதாகாது. வளவில் தென்னை நிற்கிறவர்கள் இதை வாங்கவே தேவையில்லை: பொச்சுமட்டையைக் கன்றைச் சுற்றித் தள்ளிக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கள், மாரி மழையை அதுவே குடித்து வைத்துக்கொள்ளும்.