‘விடாது கருப்பு’ ரசிகர் சந்திப்பு என்று டிக்கெட் விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

‘விடாது கருப்பு’ கதை வந்த ‘மர்மதேசம்’ டிவி தொடரின் ரசிகர் சந்திப்பு என்று சொல்லி மதுரையில் ஆளுக்கு 700 ரூபாய் வசூலித்து ஏமாற்றிய ஒரு கூட்டம், இப்போது திண்டுக்கல், தேனி என்று அடுத்த போஸ்டரை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருந்தால் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மதுரை போஸ்டரில் இருந்தது இதுதான். ‘விடாது கருப்பு’ தொடரின் முக்கியப் பகுதிகள், சுத்தம் செய்த பிரதியில், பெரிய திரையில். நடித்தவர்கள் நேரில் வருகை. தொடரின் கதையை எழுதிய, 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனுக்கு அஞ்சலி. மதியச் சாப்பாடு. கடைசியாக, கிளைமாக்ஸ் சரியா தவறா என்று ஒரு மணி நேரக் கலந்துரையாடல்.

நான் போனதே அந்தக் கலந்துரையாடலுக்காகத்தான். 90களில் அந்தத் தொடரைப் பார்த்து நடுங்கியவர்களுக்கு அது புரியும். தப்பு செய்தவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஒரு ஊரே நம்புகிறது. அன்றையும் இன்றையும் மாற்றி மாற்றிக் காட்டி, வாரம் முழுக்க நம்மைக் காத்திருக்க வைத்தார் இயக்குநர் நாகா. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வெறும் கதையும் இல்லை. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவம் கிடையாது, சந்தனம் பூசிய கதவுக்குத்தான் மாலையும் கும்பிடும். கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் அங்கே போய் சத்தியம் பண்ணச் சொல்வார்கள், பொய் சொல்கிறவனுக்குக் கால் நகராது. அழகர் மதுரைக்குப் புறப்படும்போது நகைக் கணக்கைக் கருப்பின் முன்னால்தான் வாசிப்பார்கள். அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்தவர்கள் பார்த்த தொடர் அது.

அதனால்தான் முடிவு எங்கள் வீட்டில் சண்டையானது. சாமியா, மனுசனா என்று அத்தனை வாரம் கேட்டுவிட்டு, கடைசியில் மனநோய் மருத்துவம் வந்து பதில் சொல்லும். அப்பாவுக்கு அது பிடித்தது. அம்மாவுக்கு ஆறவே இல்லை. “பயத்தை மட்டும் நம்மகிட்ட வாங்கிக்கிட்டு, பதிலை டாக்டர்கிட்ட கேக்குறாங்க” என்றார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே இன்றைக்கும் படுகிறது. ஒரு குழந்தையின் மனசு எப்படி உடைகிறது என்று தமிழ்த் தொலைக்காட்சியில் அவ்வளவு பொறுமையாகச் சொன்ன வேறு தொடரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பதில் வந்த பிறகு, முதல் வாரங்களில் இருந்த அந்தக் கனம் குறைந்துபோகிறது. இதைப் பத்து ரசிகர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது பல வருட ஆசை.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் முதல் நாள் முகூர்த்தத்தின் பூ அலங்காரம் வாடிக் கிடந்தது. லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்டி யூடியூபையே ஓட்டினார்கள். நடுவில் விளம்பரம் வந்தது, ஒரு பையன் ஓடி வந்து ஸ்கிப் அழுத்தினான். பழைய சதுர டிவி படத்தை அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டதில் தொடரில் நடித்த சேத்தன் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்று தெரிந்தது, குதிரைக்குக் கால் குட்டையாகிவிட்டது. யாராவது ஒருவர் அளவை மாற்றச் சொன்னால், “அப்படித்தான் சார் வரும்” என்றார்கள். வீட்டில் இலவசமாகவே பார்க்கக் கிடைப்பதை இதைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கலாம்.

நடிகர்கள் யாரும் வரவில்லை. உசிலம்பட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் போய்க் கேட்டார்.

“வந்துக்கிட்டே இருக்காங்கய்யா, ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்க.”

“காலையில இருந்து இதத்தானப்பா சொல்ற. யாரு வர்றாங்க, பேரச் சொல்லு.”

பெயரைச் சொல்லவே இல்லை. உண்மையில் யாரையும் அழைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா?

என்னால் பொறுக்க முடியாதது அந்த அஞ்சலி. இந்திரா சௌந்தர்ராஜன் இதே மதுரையில் வாழ்ந்து எழுதிய மனிதர். இணையத்திலிருந்து எடுத்த மங்கிய படம் ஒன்று, அதற்கு முன்னால் ஒரு விளக்குகூட இல்லை. பேசியவர் அவர் எழுதாத தொடர் ஒன்றை அவருடையது என்றார். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, தக்காளிச் சாதப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். சாயங்காலம் அடுத்த கல்யாண வீட்டார் சாமான்களோடு வந்துவிட, மண்டபத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கிளைமாக்ஸும் ஓடவில்லை, கலந்துரையாடலும் நடக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களிடம், “நடிகர்கள் வருகை மாறுதலுக்கு உட்பட்டதுன்னு போஸ்டர்லயே இருக்கு” என்றார்கள். என்னிடம் இருக்கும் போஸ்டரில் அப்படி ஒரு வரி கிடையாது. அன்று இரவு வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றினார்கள். தனியாகக் கேட்டவர்களை வெளியே தள்ளினார்கள், என்னையும் சேர்த்து. திண்டுக்கல் போஸ்டரில் அந்த வரி இப்போது அடியில் பொடி எழுத்தில் முளைத்திருக்கிறது.

திண்டுக்கல், தேனி ஆட்கள் கவனியுங்கள். பணம் ஒரு தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் போகிறது, ரசீது கிடையாது. நடிகர்கள் என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள், யார் பெயரும் இல்லை. மண்டபத்தின் பெயரைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்கிறார்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நான் செய்துவிட்டேன், புகார் எண் கொடுத்தார்கள். ஆள் தொடர்பில்லாமல் மறைந்துவிட்டால் இணையப் பணமோசடிக்கான 1930-க்கும் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உசிலம்பட்டிப் பெரியவரும் நானும் சேர்ந்து அங்கே மனு கொடுக்கிறோம். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் பழைய போஸ்டரையும் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள். முக்கியமாக அந்தப் பழைய போஸ்டர் வேண்டும்.