கோய் போட்டி: ஜப்பான் முறையா, இங்கிலீஷ் முறையா?

கோய் என்னும் வண்ணக் கெண்டை மீன்களுக்கான அழகுப் போட்டியை இரண்டு முறைகளில் நடத்துகிறார்கள். ஜப்பான் முறையில் ஒரே ரகம், ஒரே அளவு மீன்கள் யாருடையதாக இருந்தாலும் ஒரே நீலத் தொட்டிக்குள் போகும். இரண்டு கோஹாகு (வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் உள்ள ரகம்) பக்கத்துப் பக்கத்தில் நீந்தும்போது, ஒன்றின் சிவப்பு ஓரத்தில் லேசாகக் கலங்கியிருப்பது உடனே கண்ணில் படும். ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். எது யார் மீன் என்றும் எளிதில் தெரியாது. தீர்ப்புக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் நோய்தான். 2003இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் கோய் ஹெர்பெஸ் வைரஸ் தாக்கி, கூண்டுகளில் வளர்த்த கெண்டைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெளியில் நலமாகத் தெரியும் மீனும் அந்த வைரஸைச் சுமக்கலாம்.

இங்கிலீஷ் முறையில் ஒருவரின் மீன்கள் அவருடைய தொட்டியில் மட்டும்தான். தண்ணீரும் வலையும் கலக்கக் கூடாது. நடுவர்தான் தொட்டி தொட்டியாக நடக்க வேண்டும். முதல் தொட்டியில் பார்த்த சிவப்பு இருபதாவது தொட்டிக்கு வரும்போது மனதில் அப்படியே நிற்குமா? அப்புறம், தொட்டியைப் பார்த்தே ஆளை ஊகித்துவிடலாம்.

இருந்தும் என் மீனை இரண்டாவதற்குத்தான் அனுப்புவேன். ஆனால் ஒரு நடுவர் கையை நனைத்தால் அடுத்த தொட்டிக்கு முன் கழுவியே ஆக வேண்டும், தலைமை நடுவரானாலும் சரி.