காஞ்ச கூனிக் கலரில ஒரு மை: மூண்டு மங்கல் றோஸ், ஒரு சிஆர் கொப்பி

மங்கல் றோஸ் எண்டா என்ன கலர் எண்டு எனக்குச் சரியா விளங்கப்படுத்தினது என்ட மாமி தான். மேசையில மை ஊத்திற பேனையால ரெண்டு வரி எழுதிக் காய விட்டிருந்தன், மாமி கண்ணாடியப் போட்டுக்கொண்டு வந்து குனிஞ்சு பாத்திட்டு "என்ன புள்ள இது, காஞ்ச கூனிட கலரில எழுதியிரிக்கா?" எண்டு கேட்டா. அதே தான். கூனி எண்டா பொடி இறால், பச்சைக் கூனி இல்ல, நல்லா வெயிலில காஞ்சு மேல ஒரு சாம்பல் பூத்து, ஆனா உள்ளுக்க றோஸ் இன்னும் இருக்கு எண்டு தெரியுமே, அந்தக் கலர். அண்டையில இருந்து எந்த மங்கல் றோஸ் மையப் பாத்தாலும் இது கூனியா இல்லாட்டி ஜம்புப் பழமா எண்டு தான் முதல் யோசிக்கிறன். ஜம்பு எண்டா அது சும்மா றோஸ், அதுக்குக் கடையில ஆயிரம் மை இருக்கு.

எனக்கு இந்தக் கலர் வேணும் எண்டதுக்கு ஒரு காரணம் இருக்கு, நான் மட்டக்களப்புக் கல்லடியில படிப்பிக்கிறன், பிள்ளையளிட கொப்பியில சிவப்பால வெட்டி வெட்டி எழுதிறது எனக்குப் பிடிக்கிறேல்ல, ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக் கிடந்தா எட்டு வயசுப் பிள்ளை அதத் திறந்து பாக்கவே பயப்படும். அதே நேரம் நான் எழுதிறத அந்தப் பிள்ளை வாசிக்கவும் வேணும். மென்மையாவும் இருக்கோணும், தெரியவும் வேணும். இந்த ரெண்டுக்கும் நடுவில தான் மங்கல் றோஸ் மையிட முழுப் பிரச்சினையும் கிடக்கு.

மூண்டு மை பாத்தன். பிரான்ஸ் நாட்டு ஹெர்பின் கொம்பனிட 'றூய் டாங்க்ர்', கியோட்டோவில இருந்து வாற கியோ-நோ-ஓட்டோ வரிசையில 'சகுரா நெசுமி', ஜப்பான் பைலட் கொம்பனிட இரோஷிசுகு வரிசையில 'கொஸுமொஸு'. கடைசி மட்டும் முழுப் போத்தல், தம்பி வெளிநாட்டில இருந்து வரக்குள்ள கொண்டு வந்தது. மத்த ரெண்டும் கொழும்பில இருக்கிற ஒரு சினேகிதி சின்னக் குப்பியில ஊத்தி அனுப்பினது, அதில ஒரு குப்பி வழியிலயே ஒழுகிக் கடித உறையெல்லாம் றோஸ், அப்பிடியும் ஒரு பேனைக்குக் காணும் அளவு மிஞ்சினது. பேனை ரெண்டு: பைலட் மெட்ரோபொலிட்டன் எஃப் (மெல்லிசு) நிப், ஜெர்மன் லாமி சஃபாரியில எம் (நடுத்தரம்) நிப்பும் பி (தடிப்பு) நிப்பும் மாத்தி மாத்தி (லாமி நிப் இழுத்தாக் கழண்டு வரும், அது பெரிய வசதி). ஒண்டு சொல்லோணும், ஜப்பான்காரர்ட எஃப், ஜெர்மன்காரர்ட எஃப்ப விட நல்ல மெல்லிசு, அதால வெளிர் மைக்கு மெட்ரோபொலிட்டன் தான் கடும் சோதனை.

றூய் டாங்க்ர் எண்டா நங்கூரத்துத் துரு. பேரப் பாத்து முகத்துவாரத்தில கரையேத்தி வச்சிருக்கிற தோணியள்ட நங்கூரம் மாதிரிக் கருஞ்செம்மண் கலரா இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு பேனைய நிரப்பினா, தாளில விழுந்தது கழுவின செங்கல் மாதிரி ஒரு றோஸ், செம்மஞ்சள் பக்கம் சாஞ்சது. எஃப் நிப்பில எழுதினா சரியான வெளிர், என்ட வகுப்பில ஒரு பொடியன் கொப்பிய ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுக்கொண்டு "டீச்சர் இதில என்ன எழுதியிருக்கு, விளங்குதில்ல" எண்டு கேட்டான், அதோட கொப்பி திருத்திறதுக்கு இது இல்ல எண்டு முடிவாச்சு. ஆனா பி நிப்பப் போட்டன் பாருங்க, அது வேற மை. எழுத்துத் தொடங்கிற இடம் வெளிர், கோடு முடிஞ்சு மை தேங்கிற இடத்தில துரு நிறம், 'ழ' எழுதினா அந்தக் கீழ் வளைவு முடியிற இடத்தில மட்டும் ஒரு கருஞ்சிவப்புச் சொட்டு நிண்டு காயும். ஒரே எழுத்துக்குள்ள மூண்டு கலர். கடிதம் எழுதிறதுக்கு இத விட வடிவான மை நான் பாவிச்சதில்ல.

சகுரா நெசுமிக்கு வருவம். சகுரா தெரியும், செர்ரிப் பூ. நெசுமி எண்டா எலி, ஜப்பானில சாம்பல் நிறத்துக்கு எலி நிறம் எண்டு தான் பேர் வைக்கிறவங்க. எடோ காலத்தில அரசு ஆடம்பரமான கலர் உடுப்புகளுக்குத் தடை போட, ஊர்ச்சனம் பழுப்பிலயும் சாம்பலிலயும் நுணுக்கமா வித்தியாசம் பிடிச்சு உடுத்தத் தொடங்கி, 48 பழுப்பு 100 எலி எண்டு ஒரு சொல்லே வந்திட்டு. பளிச்செண்டு காட்ட ஏலாத இடத்தில மங்கலுக்குள்ளயே அழகு தேடின ஆக்கள்ட கலர் இது, அதால தான் எனக்கு இதில கூடப் பிரியம். கலர் வட்டத்தில றோஸுக்கு எதிர்ப் பக்கத்துக் கலர் பச்சை, அந்தப் பக்கத்தால கொஞ்சம் சேர்த்தாலே றோஸ் அடங்கிச் சாம்பலாகும், கறுப்பக் கொட்டினா அழுக்கு மாதிரித் தான் வரும். இந்த மையில அழுக்கு இல்ல. ஈரமா இருக்கக்குள்ள றோஸாத் தெரியும், அரை நிமிஷத்தில கண்ணுக்கு முன்னாலயே சாம்பல் ஏறும், அந்த நேரம் நான் எழுதிறத நிப்பாட்டிப் போட்டுப் பாத்துக்கொண்டு இருப்பன். மாமி கூனி எண்டு சொன்னதும் இதத் தான்.

சாம்பல் இருக்கிறதாலயே இது றூய் டாங்க்ர விட வாசிக்க லேசு. எஃப் நிப்பில கொஞ்சம் கஷ்டம், எம் நிப்பில பிரச்சினையே இல்ல. ஒரு குறை, என்ட பேனையில இது கொஞ்சம் வரட்சியா ஓடுது. வரண்ட கச்சான் காத்து வீசிற மாசத்தில பேனைய மூடாம ரெண்டு நிமிஷம் வச்சாக் கூட முதல் எழுத்து வராது, நனைஞ்ச துணியில நிப்ப ஒருக்கா ஒத்தி எடுத்தா மறுகா வரும். மாரியில அந்தக் கரைச்சல் இல்ல, ஆனா ஈரம் குடிச்ச தாளில மை பரவும், அது மூண்டுக்கும் பொது.

கொஸுமொஸுவப் பத்திக் கனக்கச் சொல்ல இல்ல. கொஸ்மொஸ் பூட பேர், செங்கல் கலந்த றோஸ், மூண்டிலயும் தெளிவா ஓடிறது இது தான், எந்த நிப்பிலயும் எந்தத் தாளிலயும் நேர்மையா எழுதும். 50 மி.லீ. போத்தல், அடியில ஒரு சின்னக் குழி இருக்கு, கடைசி மை அதுக்குள்ள தேங்கும், உறிஞ்சி எடுக்கலாம். ஆனா இது மங்கலா எண்டு கேட்டா, பாதி தான். இது ஜம்புக்கும் கூனிக்கும் நடுவில நிக்கிது.

இப்ப தாள். கலர் காட்டிற படங்கள் முக்கால்வாசியும் டோமோயே ரிவர் எண்ட ஜப்பான் தாள் மாதிரித் தாளில எழுதி எடுக்கிறது, சதுர மீற்றருக்கு 52 கிராம் தான், சரியான மெல்லிசு, ஆனா மை மேலயே நிண்டு காயும், எல்லாக் கலரும் ராசாத்தி மாதிரித் தெரியும். எங்கட சிஆர் கொப்பி (கெட்டி மட்டை போட்ட கொப்பி) தாள் மைய உறிஞ்சி இழுத்திடும். றூய் டாங்க்ர்ட அந்தத் துருச் சொட்டு அதில வரவே வராது, ஒரே வெளிர் கோடு. சகுரா நெசுமியில றோஸ் போய்ச் சாம்பல் தான் மிஞ்சும். கொஸுமொஸு மட்டும் அப்பிடியே இருக்கு. வெளிச்சமும் அப்பிடித் தான், மஞ்சள் பல்புக்குக் கீழ சகுரா நெசுமி பழுப்பு மாதிரி, வெள்ளை எல்ஈடியில ஊதா கலந்த சாம்பல், விடிய ஆறு மணிக்கு வாவிப் பக்கத்து ஜன்னலால வாற வெளிச்சத்தில மட்டும் தான் உண்மையான கூனி. அதால மங்கல் மை ஒண்ட வாங்க முதல் ஒரு சொட்டாவது உங்கட தாளில, உங்கட நிப்பில, பகலில எழுதிப் பாருங்க. போன் ஸ்க்ரீனில பாத்து முடிவெடுக்காதீங்க.

தண்ணிக்கு மூண்டும் நிக்காது. சகுரா நெசுமி எழுதின துண்டில ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாத்தன், எழுத்துக் கரைஞ்சு ஒரு வெளிர் வட்டம் தான் மிச்சம். மாரி வெள்ளத்துக்குள்ள கொப்பி புத்தகம் காவித் திரியிற ஊரில வச்சிருக்க வேண்டிய எதையும் இந்த மையளில எழுதாதீங்க, அதுக்கு நீர் படாத மை வேற இருக்கு. ஜன்னலில ரெண்டு கிழமை வெயில் படவும் வச்சன், முதல்ல வெளிறினது றூய் டாங்க்ர்.

என்ட முடிவு இது. கொப்பி திருத்த கொஸுமொஸு, எம் நிப். கடிதத்துக்கு றூய் டாங்க்ர், பி நிப்பும் நல்ல தாளும் இருந்தா மட்டும், இல்லாட்டி காச வீணாக்காதீங்க. ஒரு போத்தல் தான் வாங்க ஏலும், உண்மையிலயே மங்கல் றோஸ் தான் வேணும் எண்டா சகுரா நெசுமி, 40 மி.லீ. போத்தல், வரட்சியப் பொறுத்துக்கொள்ளோணும். நான் தம்பிக்கு அதத் தான் சொல்லி விட்டிருக்கன். அது வந்து சேரும் வரைக்கும் குப்பியில மிச்சம் இருக்கிறத டயரியில தேதி எழுத மட்டும் பாவிக்கிறன், ஒரு நாளைக்கு ஒரு வரி.