ரெண்டருக்குப் பெர்மிஷன் வேண்டாம் என்றான், 7,800 பவுண்ட் போச்சு

நேற்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வீட்டைப் பின்பக்கம் நீட்டி எக்ஸ்டென்ஷன் கட்டியபோது பூசிய வெள்ளை ரெண்டரை (வெளிச்சுவர்ப் பூச்சை) எடுக்க வேண்டும், அல்லது இப்போதாவது அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை. அந்த ரெண்டருக்கு மட்டும் நான் கொடுத்தது 7,800 பவுண்ட்.

பில்டர்களைத் தேடித் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில்தான் அவனைப் பிடித்தோம். நம்ம ஆள், தமிழில் பேசினான், அது போதுமென்று நினைத்துவிட்டேன். தோட்டத்தில் நின்று பின்சுவரைத் தட்டிப் பார்த்து, "அக்கா, 3 மீட்டருக்குள்ள கீழ்த்தளம் மட்டும்னா பெர்மிட்டட் டெவலப்மென்ட், பெர்மிஷனே வேண்டாம். புதுச் செங்கல் பழசோட சேராது, மொத்தத்துக்கும் ரெண்டர் அடிச்சிடலாம்" என்றான். அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கே முன்பணம் அனுப்பினேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வயிறு எரிகிறது. எங்கள் அளவு எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி தேவையில்லைதான். ஆனால் இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு விதிப்படி, அப்படிக் கட்டும்போது வெளிப்பூச்சு பழைய வீட்டைப் போலவே தெரிய வேண்டும். செங்கல் வீட்டில் வெள்ளை ரெண்டர் எப்படி ஒன்றுபோலத் தெரியும்? அதற்கும் மேல் எங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியா, பழைய தோற்றம் மாறாமல் பாதுகாக்கப்படும் பகுதி. அங்கே ரெண்டர், கல், மரம், பிளாஸ்டிக், டைல்ஸ் எதை வெளிச்சுவரில் ஒட்டினாலும் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

போன் செய்தால், "அது உங்களுக்கும் கவுன்சிலுக்கும் உள்ள விஷயம் அக்கா" என்றான். அப்புறம் எடுக்கவே இல்லை. தளத்துக்கு எழுதினேன், ஆளை அறிமுகப்படுத்துவதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று நாலு வரியில் பதில். மறுபடி எழுதினேன், அதே நாலு வரி. வேறொருவரை அழைத்துக் காட்டினால், ரெண்டரைப் பெயர்க்கும்போது செங்கல்லின் முகமும் சேர்ந்து உடையும் என்கிறார். 7,800 பவுண்ட் கொடுத்து நல்ல சுவரைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. உங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியாவா என்று கவுன்சில் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அனுமதியில்லாமல் கட்டும் உரிமையை நீக்கும் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலை தொடங்கும் முன், அனுமதி தேவையில்லை என்று கவுன்சிலே எழுதித் தரும் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் வாங்குங்கள், பிளானிங் கட்டணத்தில் பாதிதான். பில்டர் வாயால் சொல்வதை எழுதி வாங்காமல் ஒரு பவுண்ட்கூட அனுப்பாதீர்கள்.