காலம் சொல்லும் பிரெஞ்சு முன்னிடைச்சொற்களுக்கு ஆர்.எஃப்.ஐ.யின் எளிய பிரெஞ்சுச் செய்தி

பிரான்ஸின் பன்னாட்டு வானொலியான ஆர்.எஃப்.ஐ. 'லெ ஜூர்னால் ஆன் ஃபிரான்சே ஃபசீல்' என்ற பத்து நிமிடச் செய்தியை இலவசமாகத் தருகிறது. வாசிப்பதன் எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கும். 'தெப்யுயி' (depuis), 'பாந்தான்' (pendant), 'இல் யா' (il y a), 'தான்' (dans), 'ஆன்' (en) ஆகிய, காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வரும் இடைச்சொற்களை அட்டவணையில் மனப்பாடம் செய்துவிட்டுப் பேசும்போது தடுமாறுபவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். எப்போது நடந்தது, எவ்வளவு காலமாக நடக்கிறது என்று சொல்லாமல் செய்தி நகராது.

'தெப்யுயி' இதில் அடிக்கடி வரும். இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'மூன்று ஆண்டுகளாகப் பாரிஸில் வசிக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் போலவே பிரெஞ்சும் 'ஜாபித் ஆ பாரி தெப்யுயி த்ருவாஸான்' என்கிறது. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள்தான் இறந்தகாலத்துக்குப் போய்த் தவறுகிறார்கள். வசித்து முடிந்துவிட்டால் 'ஜே அபித்தே' என்ற இறந்தகாலமும் முடிந்த கால அளவைச் சொல்லும் 'பாந்தான்' என்ற சொல்லும் வேண்டும். 'நேற்றிலிருந்து சாப்பிடவில்லை' போன்ற எதிர்மறையில் 'தெப்யுயி'யோடும் இறந்தகாலம் வரும்.

நம்மைக் கவிழ்ப்பது 'தான்', 'ஆன்' இரண்டும்தான். 'இரண்டு மணி நேரத்தில் கிளம்புகிறேன்', 'இரண்டு மணி நேரத்தில் முடித்தேன்' என்று இரண்டுக்கும் தமிழில் ஒரே உருபு. 'கழித்து' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் 'தான்': 'ஜெ பார் தான் தோஸேர்'. மாறினால் 'ஆன்': 'ஜே ஃபினி ஆன் தோஸேர்'. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'தாஸுன் ஏர்', 'ஆனுன் ஏர்' என்று ஒட்டிக்கொள்ளும். எழுத்து வடிவம் இல்லாமல் இதைப் பிடிப்பது கடினம்.

'இல் யா'வும் செய்தியில் ஏமாற்றும். பின்னால் நாள், மாதம், ஆண்டு என்று கால அளவு வந்தால் 'முன்பு' என்று பொருள். 'தோ பிளெசே' என்று காயமடைந்தவர்கள் வந்தால் 'இருக்கிறார்கள்' என்று பொருள். வேகமாகப் பேசும்போது வெறும் 'யா' என்றும் காதில் விழும்.

பத்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். முதல் மூன்று நிமிடம் போதும். முதல்முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் முறை எழுத்தைப் பார்த்துக்கொண்டே காலச் சொற்றொடர்களை அடிக்கோடிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்த வாக்கியம் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்தத் திருத்தத்தை வானொலி தராது.

குறைகளும் உண்டு. 'இரண்டு வாரத்துக்குப் போகிறேன்' என்று திட்டமிட்ட கால அளவைச் சொல்லும் 'பூர்' (pour) செய்தியில் அரிது. கோடை, இலையுதிர், குளிர் காலங்களுக்கு 'ஆன்' வர, வசந்தத்துக்கு மட்டும் 'ஓ ப்ரன்தான்' என்பதையும், 'லன்தி' என்றால் ஒரு குறிப்பிட்ட திங்கள், 'லெ லன்தி' என்றால் திங்கள்தோறும் என்பதையும் இலக்கண நூலில்தான் படிக்க வேண்டும். ஏ1 என்ற தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். அடுத்த நிலையான ஏ2 முடித்தபின் தொடங்குங்கள்.